மூன்று கால் நாய்க்கு ஒரு மெட்டு

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் கோணலாகத் தூங்கியதில் கழுத்து மட்டும் ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் எப்படி?

போனில் நாம் இரண்டு நிமிடத்துக்கு மேல் சண்டை போடாமல் பேசியதில்லை, அதனால் இனிமேல் கடிதம்தான் என்று பஸ் கிளம்பும்போது நீ போட்ட சட்டப்படி எழுதுகிறேன்.

கல்லூரி நான்கு மாடி. மூன்றாவது மாடி முழுக்கப் பயிற்சி அறைகள், மொத்தம் பன்னிரண்டு. சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். அப்படியும் வராந்தாவில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு பாட்டு கசிகிறது. என்னோடு தங்கியிருப்பவள் பேஸ் கிட்டார்காரி. எப்போதும் அரைக்கண் மூடியே இருப்பதால் அவளைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிறார்கள். வாசிக்க ஆரம்பித்தால்தான் கண் முழுசாகத் திறக்கிறது.

காதுப் பயிற்சி என்று ஒரு வகுப்பு. பியானோவில் இரண்டு ஒலிகளைத் தட்டுவார்கள், இடையில் எவ்வளவு தூரம் என்று நாம் சொல்ல வேண்டும். எனக்குப் பாதி தப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறான், ஆறு வயதிலிருந்து படிக்கிறானாம். நீ இருந்திருந்தால் நீயும் சொல்லியிருப்பாய்.

அக்கா, இரண்டு பேரும் சேர்ந்துதான் தேர்வுக்கு வந்தோம். அன்றைக்கு இதே படிக்கட்டில் உட்கார்ந்துதான் முடிவுக்காகக் காத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். வேறு வழியில்லையா என்று தேடினேன். இல்லை.

பதில் போடு.

உன் வாலு


ஜூலை 27

அன்புள்ள வாலுக்கு,

இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் மழை வந்தால் முணுமுணுக்கிறது, மற்ற நேரத்தில் அம்மா முணுமுணுக்கிறாள். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

படிக்கட்டைப் பார்த்து மருகாதே. எனக்கு இடம் கிடைக்காததற்கு நீ காரணம் இல்லை. "குரல் நல்லா இருக்கு, தாளம் நிக்க மாட்டேங்குது"ன்னு தேர்வெடுத்த மூன்று பேரில் தொப்பி போட்டிருந்தவர் சொன்னார், நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இருபத்தேழு வயதில் தாளம் நிற்காவிட்டால் இனி எப்போது நிற்கும்? அதை மறந்துவிட்டேன். நீயும் மற.

இங்கே பிராணிகள் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையவில்லை. அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் நாய் ஞாபகம் இருக்கிறதா, மே மாதம் வண்டியில் அடிபட்டு வந்ததே. பின்னங்கால் ஒன்றை எடுத்த பிறகு யாரையும் கிட்டே விடுவதில்லை. டாக்டரம்மாவையே கவ்வப் பார்த்தது. நான் முனகினால் மட்டும் கட்டு மாற்ற விடுகிறது. நீ வீட்டில் இருந்தபோது சமையலறையில் அந்த மெட்டை முனகிக்கொண்டே இருப்பேனே, "போதும்க்கா, அதையே எத்தனை தடவை"ன்னு சலித்துக்கொள்வாயே, அதுதான். நாய் மூச்சு வேகமாக வாங்கினால் நானும் வேகமாகப் போவேன். அது மெல்ல அடங்கும், நானும் அடங்குவேன். இதில் தாளம் எங்கே நிற்கும் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில்களை முந்திக்கொண்டு சொல்லும் பையனுக்குப் பக்கத்தில் உட்காராதே, வேறு பெஞ்சுக்குப் போ.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, தொண்டை மட்டும் காலையில் கரகரக்கிறது. அம்மா நலம்தானே? நீ?

பாட்டு எழுதும் வகுப்பு தொடங்கிவிட்டது. அதன் ஆசிரியர் மழையோ வெயிலோ கட்டடத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை. தொப்பிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். முதல் நாளே சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளுக்கு ஒரு பாட்டு. வார்த்தை சுமாரா இருந்தா பரவாயில்ல. மெட்டு உங்களோடதா இருக்கணும்."

நான்கு நாள் ஆறாம் நம்பர் அறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பொய், நடந்தேன். கதவிலிருந்து பியானோவுக்கு ஏழு அடி. எது வந்தாலும் ஏற்கெனவே எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது. தூங்குமூஞ்சி ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு, "உனக்கு இன்னும் வரலையா?" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது.

கடைசியில் வெள்ளிக்கிழமை ஏதோ ஒன்றைக் கொடுத்தேன். தொப்பிக்காரர் இரண்டு தடவை பாடச் சொன்னார். "பாதியிலயே நிக்குதே, நடுப்பகுதி எங்க?" என்றார். இனிமேல்தான் என்றேன்.

சும்மா ஒன்று கேட்கிறேன். உன்னுடைய நாய் மெட்டு இருக்கிறதே, இரண்டாவது வரிக்குப் பிறகு அது எங்கே போகும்? துணி துவைக்கும்போது வாயில் வருகிறது, அங்கே வந்ததும் நின்றுவிடுகிறது. நீ மேலே ஏதாவது கண்டுபிடித்தாயா? அவசரம் இல்லை. ஆனால் இந்த வாரத்துக்குள் எழுதினால் நல்லது.

உன் வாலு


செப்டம்பர் 9

வாலு,

எல்லோரும் சௌக்கியம். தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி, ஐஸ் தண்ணீர் பக்கம் போகாதே.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று மறுபடி படித்தேன். ஒரு நாய்க்காக முனகியது உன் வாயில் அங்கே ஓடுகிறது என்றால் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. என்ன என்று எழுதத் தெரியவில்லை. சந்தோஷம்தான்.

கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் அந்த நாய் வாசல் படியில் தானாக ஏறியது. முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒற்றைப் பின்னங்காலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. நான் முனகிக்கொண்டே இருந்தேன். எனக்கும் அடுத்தது தெரியவில்லை. பிறகு அது எம்பியது. என் வாயிலிருந்தும் மேலே ஒன்று வந்துவிட்டது.

சின்ன வயதில் கீபோர்டு கட்டைகளில் நம்பர் ஒட்டி வைத்தோமே, அந்த நம்பரிலேயே எழுதுகிறேன். 3 5 6, 6 5. மறுபடி 3 5 6. இங்கே நிறுத்து. எவ்வளவு நேரம் என்று கேட்காதே, நாய் எம்பும் வரைக்கும். அப்புறம் ஒரே தாவாக 10. அங்கிருந்து 9, 8, 6 என்று இறங்கி 5. முதல் வரிக்குத் திரும்பிவிடலாம்.

நீ கொடுத்த பாட்டு என்ன? வார்த்தைகளையாவது எழுது. நானும் பாடிப் பார்க்கிறேன்.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஆறு வாரம் ஓடிப்போனதே தெரியவில்லை. உன் நம்பர்கள் கிடைத்தன. நன்றி.

இங்கே ஒரு நிமிடம் ஓய்வில்லை. குழு வகுப்பில் என்னோடு ஒரு டிரம்மர், ஒரு கிட்டார்காரன், தூங்குமூஞ்சி. ஹெட்போனுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லோரும் அதன்மேலேயே நிற்க வேண்டும். கிளிக் என்பார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்த பிறகும் தலைக்குள் அது நிற்பதில்லை. சாப்பிடும்போது அதற்கேற்ற மாதிரி மெல்லுகிறேன். நேற்று இடைவேளையில் நான்கு மாடியையும் மூன்று தடவை ஏறி இறங்கினேன், ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஒரு செய்தி. முப்பத்திரண்டு பாட்டில் ஐந்தைப் பொறுக்கிப் பதிவு செய்கிறார்கள். என்னுடையதும் அதில் ஒன்று. வார்த்தைகளை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறோம், அதனால் இப்போது அனுப்பவில்லை.

விடுமுறைக்கு வர முடியாது. பயிற்சி இருக்கிறது. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

வாலு


அக்டோபர் 31

என் தங்கமே,

ஐந்தில் ஒன்றா. இதைக் கடிதத்தின் வாலில் ஒளித்து வைத்திருக்கிறாய், முதல் வரியில் எழுத வேண்டாமா? அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு முழங்காலை மறந்து மாடி வீட்டுக்கு ஏறிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இறங்கும்போதுதான் வலி ஞாபகம் வந்ததாம்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். "பாட்டு வந்ததும் குடு, காத்திருக்கிற ஹாலில் ஸ்பீக்கர்ல போடுவோம், பூனைங்களும் கேக்கட்டும்"ன்னு டாக்டரம்மா சொன்னார். கல்லூரியின் இணையப் பக்கத்தில் வரும் என்று அவரே தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்.

நீ மெலிந்திருப்பாய் என்று அம்மா கவலைப்படுகிறாள். மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டுத் தூங்கு. பாட்டு எதைப் பற்றி என்று மட்டுமாவது சொல்லேன்.

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒரே ஒரு விஷயம். பதிவு சரியாக வரவில்லை. டாக்டரம்மாவிடம் போட வேண்டாம் என்று சொல்லிவிடு. அடுத்தது நன்றாக வரும், அதைப் போடலாம். மறக்காமல் சொல்.

வாலு


டிசம்பர் 12

அக்கா,

நீ நலமா என்று கேட்கவே கை வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கா, வேலை ஜாஸ்தி"ன்னாள். "போனைக் குடும்மா" என்றேன். "குளிக்கிறா" என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு நீ எதற்குக் குளிக்கிறாய்?

பாட்டு நவம்பர் இருபத்தொன்றாம் தேதியே வந்துவிட்டது. கேட்டுவிட்டாய், இல்லையா?

அந்த வெள்ளிக்கிழமை என்னிடம் ஒன்றுமே இல்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து நின்றேன், வாயைத் திறந்தேன். உன் மெட்டு வந்தது. பாடி முடித்ததும் வகுப்பு ஒரு நொடி சத்தமில்லாமல் இருந்தது. அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம், "இது எங்க அக்காவோடது"ன்னு. மூன்று வார்த்தை. தொப்பிக்காரர் முந்திக்கொண்டார்: "இது எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு?" நான், "தெரியல சார், தானா வந்துச்சு" என்றேன்.

நடுப்பகுதி சும்மா கேட்டதில்லை. அவர் கேட்டார், நான் உன்னிடம் கேட்டேன். நீ சந்தோஷப்பட்டு அனுப்பினாய். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உன் நம்பர்களை வேறு தாளில் என் கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன்.

காரணம் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். படித்துப் பார்த்தால் ஒரு காரணமும் இல்லை. திட்டியாவது எழுது.

வாலு


ஜனவரி 4

வாலு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ போட வேண்டாம் என்று எழுதியது, தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் நானே, "வந்திருக்கான்னு பாருங்க" என்றேன். ஹாலில் ஏழெட்டுப் பேர். ஒரு பெண் மடியில் முயல். ஸ்பீக்கரில் முதலில் டிரம், பிறகு உன் குரல். முதல் வரி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் பஞ்சும் டிங்ச்சரும் இருந்தன, அப்படியே நின்றேன்.

லிஃப்ட் மெக்கானிக் நாயோடு வந்திருந்தார். அவர்தான் சத்தமாகக் கேட்டார், "இது எங்க நாய்க்கு நீங்க பாடுறதாச்சே." டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். "ஆமா, எந்தங்கச்சி எப்பவோ போட்ட மெட்டு. அவகிட்டேர்ந்துதான் நான் கத்துக்கிட்டேன்" என்றேன்.

நீ எடுத்ததுகூடப் பரவாயில்லை. என் வாயாலேயே அதை என்னுடையது இல்லை என்று சொல்ல வைத்தாயே. ஆறு வாரம் உன்னோடு பேச முடியாமல் போனது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு நன்றாக இருந்தது. நான் எங்கெல்லாம் நிற்பேனோ அங்கெல்லாம் நிற்காமல், இஸ்திரி போட்ட மாதிரி நேராகப் போனாய். ஆனாலும் நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். என்னைச் சேர்க்காதவர்கள் சரியாகத்தான் செய்தார்களோ என்று முழுக்க ஒரு வாரம் படுக்கையில் உருண்டேன்.

டாக்டரம்மாவிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும். அம்மா உன்னையும் திட்டினாள், இத்தனை நாள் மறைத்ததற்கு என்னையும் திட்டினாள்.

நீ உன் தொப்பிக்காரரிடம் சொல். சொல்லிவிட்டு எழுது. சொல்லாமல் எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் அவர் அறை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். பத்தாம் நாள் அவரே கதவைத் திறந்தார். "தினமும் யாரோ வந்து நின்னுட்டுப் போறாங்களேன்னு பாத்தேன். நீதானா?"

நின்றபடியே சொன்னேன். நாய், வெள்ளிக்கிழமை, நம்பர்கள், லிஃப்ட் மெக்கானிக், எல்லாவற்றையும். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தலையில் ஒரு முடிகூட இல்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"உங்க அக்கா எங்க பாடுறாங்க?"

"பிராணிகள் ஆஸ்பத்திரியில சார். போன வருஷம் இங்க தேர்வுக்கு வந்தா. தாளம் நிக்கலன்னு சொல்லிட்டீங்க."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சார்."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "அவங்க பாடுற மாதிரியே பாடு" என்றார். பாடினேன். நாய் எம்பும் இடத்தில் நீ எழுதியபடி நின்றேன். கிளிக் இல்லாமல் அங்கே நிற்க எனக்குப் பயமாக இருந்தது, எப்போது தாவுவது என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். "நான் சொன்னது தப்பில்ல. அன்னிக்குத் தாளம் நிக்கலதான். ஆனா இதைப் போட்டவங்க மறுபடி வரணும்னா வரலாம். எடுத்துக்குவோம்னு சொல்லல. வரலாம்னு சொல்றேன்." அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இணையப் பக்கத்திலிருந்து பாட்டை எடுத்துவிட்டார்கள். ஆண்டு விழா நிகழ்ச்சியில் எனக்கு இடம் இல்லை. பாட்டு எழுதும் வகுப்பில் பூஜ்யம், ஜூனில் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும். குழுவின் முதல் பதிவு போய்விட்டது. அதனால் டிரம்மர் என்னோடு பேசுவதில்லை. கிட்டார்காரன் பேசுகிறான், அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. தூங்குமூஞ்சி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும் இடத்தில் எப்போதும்போல எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

தினமும் ஆறாம் நம்பர் அறைக்குப் போகிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் இப்போது நடப்பதில்லை, உட்கார்ந்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

வாலு


மார்ச் 11

வாலு,

உரிமை எல்லாம் இருக்கிறது. நான் சுகம், அம்மாவும் சுகம். டிரம்மர் பேசுவான், அவனுக்கு நாள் கொடு. அவன் உழைப்பு வீணானது நிஜம்தானே.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம் போய்விட்டது என்று எழுதினேன், பொய்யாகப் பட்டது, கிழித்தேன். போகவே இல்லை என்று எழுதினேன், அதுவும் பொய். இப்படி ஐந்து தாள். பாதி போயிருக்கிறது என்று வைத்துக்கொள்.

"வரலாம்"ன்னு அவர் சொன்னதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். "வரலாம்னா என்ன அர்த்தம்?"னு கேட்டேன். "வரலாம்னு அர்த்தம். விண்ணப்பத்தை எடு" என்றார். அனுப்பிவிட்டேன். ஏப்ரல் பத்தொன்பது, காலை பத்து மணி.

ஒரு மாதமாக டிக் டிக் சத்தத்தைப் போனில் போட்டுக்கொண்டு பாடிப் பழகுகிறேன். முதலில் அது என்னைத் துரத்துகிற மாதிரி இருந்தது, இப்போது பக்கத்தில் நடந்து வருகிறது, சில நாள். ஆஸ்பத்திரியில் போட முடியாது. போட்டால் பூனைகள் மேசைக்கு அடியில் போய்விடுகின்றன.

விண்ணப்பத்தில், சொந்தமாகப் போட்ட மெட்டு ஒன்று பாட வேண்டும் என்று இருக்கிறது. நாய் மெட்டைப் பாடப் போவதில்லை. அதைத்தான் அவர் உன் வாயால் கேட்டுவிட்டாரே. வேறு ஒன்று போட்டிருக்கிறேன். பெரியது, நடுப்பகுதியே இரண்டு இருக்கிறது. அம்மாவுக்குக்கூட இன்னும் பாடிக் காட்டவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். நிறுத்தத்துக்கு வா. உன் அறையில்தான் தங்கல், தூங்குமூஞ்சியிடம் கேட்டு வை. என்ன வேண்டுமானாலும் பேசலாம், சண்டைகூடப் போடலாம். மெட்டைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ கேட்டால் நான் பாடிக் காட்டிவிடுவேன். அதனால் கேட்காதே.

அக்கா